ஆரு கெட்டினது?

2025 ஜூன் மாதம். தடைக்காலம் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலில் இறங்கக் கூடாது. தூத்தூரில் சித்தப்பா வீட்டில் சும்மா இருந்தார். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுகிற ஆள் சும்மா இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். சித்தி என்னைப் போனில் கூப்பிட்டு, "இந்த மனுசனை எங்கயாவது கூட்டிட்டுப் போ மக்கா" என்றார். கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒரு ராட்சசக் கப்பல் வந்திருப்பதாகச் செய்தியில் பார்த்திருந்தேன். மழை விட்ட நேரமாகப் பார்த்து பைக்கை எடுத்தோம்.

வழி நெடுக டாரஸ் லாரிகள், எங்கள் மாவட்டத்துக் கல்லை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கேரளாவுக்குப் போயின. அந்தத் துறைமுகத்தின் கடல் சுவருக்கும் எங்கள் மலை போயிருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்.

எம்.எஸ்.சி. இரினா. நீளம் 399.9 மீட்டர், அகலம் 61.3 மீட்டர். இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 24,346 கன்டெய்னர் ஏற்றலாம். தூரத்திலிருந்து பார்த்தபோது கரையில் முளைத்த ஒரு காலனி மாதிரிதான் இருந்தது. சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கப்பலைப் பகலில், நின்ற இடத்தில் வைத்து, ஆர அமரப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. அவருக்குக் கப்பல் என்றால் இரவில் வரும் விளக்குதான். சிவப்பு மட்டும் தெரிந்தால் அவன் ஒரு பக்கமாகப் போகிறான், பச்சை மட்டும் தெரிந்தால் மறு பக்கமாகப் போகிறான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம் தலைக்கு வருகிறான். படுத்திருக்கிறவனை எல்லாம் எழுப்பு, டார்ச் அடி, எஞ்சினைத் தட்டு. ஊரில் கப்பல் இடித்துப் போன பிள்ளைகளின் படம் மாட்டிய வீடுகள் உண்டு.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "ஆரு கெட்டினது?"

எங்கள் பக்கம் கட்டுவது என்பது கெட்டுவது. மரங்களை அடுக்கிக் கயிற்றால் கெட்டினால் கட்டுமரம். வள்ளத்தையும் கெட்டுவோம், விசைப்படகையும் கெட்டுவோம். புதிதாக ஒரு வள்ளம் கரைக்கு வந்தால் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி இதுதான். ஆசாரி யார் என்று தெரிந்தால் வள்ளம் அலையில் எப்படி எழும்பும், எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் தெரிந்த மாதிரி. இருபத்து நாலாயிரம் பெட்டி ஏற்றுகிற கப்பலைப் பார்த்தும் மனிதர் அதையேதான் கேட்டார்.

"சீனாக்காரன். யாங்ஸி ஆத்துப் பக்கம் ஒரு யார்டு. 2023-ல."

"ஓ, நம்ம எஞ்சின்காரனா."

அவருக்கு அது புதிய செய்தியே இல்லை. முன்பு அவர் போட்டில் இருந்தது அசோக் லேலண்ட். இப்போது இருப்பது சீன எஞ்சின். விலை கம்மி, தள்ளு கூடுதல் என்பது அவர் கணக்கு. இந்த எஞ்சின்களால் தமிழ்நாட்டுக் கரையில் எத்தனையோ சண்டை. அதிகக் குதிரைசக்தி உள்ள சீன எஞ்சினைப் பொருத்தி மடி என்ற இழுவலையை இழுக்கிறவர்கள் கடலை வழித்துக்கொண்டு போகிறார்கள் என்று நாட்டுப்படகுக்காரர்கள் போராடியது எல்லோருக்கும் தெரியும். வள்ளங்களில் பின்னால் தொங்குவது ஜப்பான்காரனின் யமஹா, சுசுகி. அதற்கும் முன்னால், 1980-களில், முட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் பியர் ஜில்லே நம் ஆட்களோடு உட்கார்ந்து பிளைவுட்டில் படகு செய்து பார்த்தார். கட்டுமரத்துக்கு மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. குளச்சலில் 1741-ல் டச்சுக்காரனைத் தோற்கடித்ததன் நினைவுத் தூண் நிற்கிறது. அந்த டச்சுக்காரனும் ஒரு காலத்தில் காற்றாலையில் மரம் அறுத்து மலிவாகக் கப்பல் கட்டியே ஐரோப்பாவில் முன்னால் நின்றவன். ரஷ்யாவின் ஜார் மன்னன் பீட்டரே 1697-ல் அங்கே போய் யார்டில் வேலை கற்றுக்கொண்டான். ஆக, எந்த நாடு மேலே வருகிறது, எது கீழே போகிறது என்று பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் செய்தித்தாள் வாங்க வேண்டியதில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. நாகர்கோவிலில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து சிங்கப்பூரில் ஒரு யார்டுக்குப் போனேன். பைப் ஃபிட்டர் என்று சொல்லி அழைத்துப்போய் முதல் ஏழு மாதம் டேங்குக்குள் துரு சுரண்ட விட்டார்கள். ஒன்பது வருடம். அப்புறம் தென்கொரியாவில் கோஜே தீவில், கப்பல் வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டராக இரண்டு வருடம். இப்போது குளச்சல் பக்கம் இரும்பு போட்டுகளுக்குத் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து கொடுக்கிறேன்.

திரும்புகிற வழியில் பூவாறில் சாயா, பழம்பொரி. சித்தப்பா விடவில்லை.

"எங்க பாட்டா எல்லாம் கப்பல்னா இங்கிலீஷ்காரன் கப்பல்னுதான் சொல்லுவாவ. அவன் எங்க போனான்?"

எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான் என்றேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உலகத்துக் கப்பலில் பாதியளவை பிரிட்டன்தான் கட்டிக்கொண்டிருந்தது. 1956-ல் ஜப்பான் முந்திவிட்டது. பத்தே வருடம்! ஆற்றங்கரையில் நெருக்கி நெருக்கி இருந்த பழைய யார்டுகளில் பெரிய கப்பலுக்கு இடமில்லை. இந்த வேலையை இந்தச் சங்கத்து ஆள்தான் தொடலாம் என்ற எல்லைத் தகராறு வேறு. முதலாளிகளும், ஆர்டர் வந்துகொண்டிருந்த வரை மிஷினுக்குக் காசு போடவில்லை.

ஜப்பான் கதை இன்னும் ருசியானது. குரே என்ற ஊரில் அவர்களுடைய கடற்படை யார்டு இருந்தது. யமாட்டோ என்ற பிரம்மாண்டமான போர்க்கப்பலைக் கட்டிய இடம். போரில் தோற்ற பிறகு அந்த யார்டை 1951-ல் டேனியல் லட்விக் என்ற அமெரிக்கக் கப்பல் முதலாளி குத்தகைக்கு எடுத்தார். போர்க்காலத்தில் அமெரிக்கா லிபர்ட்டி என்ற ஒரே மாதிரி சரக்குக் கப்பலை 2,710 கட்டித் தள்ளியிருந்தது. அதில் ஒன்றை 4 நாள் 15 மணி நேரத்தில் முடித்துக் காட்டினார்கள். அந்த வித்தையைத் தெரிந்த ஆட்களை லட்விக் குரேவுக்குக் கொண்டுவந்தார். வித்தை இதுதான்: கப்பலை அடிமரமான ஏராவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தகடாக மேலே ஏற்றிக்கொண்டு போகாதே. துண்டு துண்டாகக் கூரைக்கு அடியில் செய். ஒவ்வொரு துண்டையும் வசதியாகக் கவிழ்த்துப் போட்டு வெல்டிங் அடி. பிறகு கிரேனில் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கையில் வெல்டிங் பிடித்தவனுக்குத்தான் தெரியும். தலைக்கு மேல் அடிக்கும்போது உருகிய இரும்பு நம் மீதே சொட்டும், கை வலிக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். அதே தகட்டைக் கவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டால் உட்கார்ந்துகொண்டே ஓட்டிவிடலாம். ஜப்பானின் மற்ற யார்டு இன்ஜினியர்கள் குரேவுக்குப் போய்ப் பார்த்துப் படித்தார்கள். 1950-களின் கடைசியில் அங்கிருந்து யுனிவர்ஸ் அப்போலோ இறங்கியது, ஒரு லட்சம் டன்னைத் தாண்டிச் சுமக்கிற முதல் எண்ணெய்க் கப்பல். அமெரிக்கன் கற்றுக்கொடுத்தான், ஜப்பான்காரன் வைத்துக்கொண்டான். கற்றுக்கொடுத்த நாடு இன்று உலகக் கப்பல் கட்டுமானத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

"சரி, கொரியாக்காரன் எப்ப வந்தான்?"

1972-ல் உல்சானில் ஹூண்டாய் யார்டுக்குப் பள்ளம் தோண்டினார்கள். அதன் முதலாளி சுங் ஜூ-யுங் கடன் கேட்டு லண்டனுக்குப் போனபோது சட்டைப்பையிலிருந்து 500 வொன் நோட்டை எடுத்துக் காட்டினாராம். நோட்டில் அவர்கள் ஊர் ஆமைக் கப்பலின் படம். நாங்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இரும்பு போர்த்த கப்பல் கட்டியவர்கள் என்று பேச்சு. கிரேக்கக் கப்பல் முதலாளி லிவானோஸ் இரண்டு பெரிய எண்ணெய்க் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தார், ஒவ்வொன்றும் 2,60,000 டன். யார்டே இல்லாத ஆளுக்கு! யார்டையும் கப்பலையும் ஒரே நேரத்தில் கட்டி 1974-ல் முடித்தார்கள். சித்தப்பாவுக்கு இந்த இடம் பிடித்துப்போய்விட்டது. "வலை பின்னிக்கிட்டே மீன் பிடிச்சிருக்கான்" என்றார்.

இதற்கு நடுவில் 1973-ல் எண்ணெய் விலை ஏறி, எண்ணெய்க் கப்பலுக்கு ஆளில்லாமல் போனது. ஜப்பான் அரசு முன்னின்று யார்டுகளைக் குறைத்தது. ஆள் குறைந்தது. அந்த வேலைக்குப் பிள்ளைகள் வருவதும் குறைந்தது. ஸ்வீடன் பாடு இன்னும் மோசம். 1970-களில் ஜப்பானுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு அது. மால்மோ நகரத்தில் கொக்கும்ஸ் யார்டின் கிரேன் 138 மீட்டர் உயரம், ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். யார்டு செத்த பிறகு அது சும்மா நின்றது. 2002-ல் ஹூண்டாய் ஒரு டாலர் கொடுத்து வாங்கி, கழற்றி, உல்சானுக்குக் கொண்டுபோனது. கடைசிப் பாகம் கப்பலில் ஏறியபோது மால்மோக்காரர்கள் கரையில் நின்று பார்த்து அழுதார்கள் என்று கொரியர்களே சொல்கிறார்கள். அந்தக் கிரேனுக்கு அவர்கள் வைத்த பெயர் மால்மோவின் கண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோஜேயிலிருந்து பஸ் ஏறிப் போய் அதை வெளியிலிருந்து பார்த்தேன். பெரிய கிரேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்ததெல்லாம் அதேபோலப் பெரியவைதான்.

பிறகு சீனா. 2010 வாக்கில் கொரியாவைத் தாண்டியது. 2024-ல் உலகில் கட்டி முடித்த கப்பல்களில் டன் கணக்குப்படி பாதிக்கு மேல் சீனாவுடையது. கொரியாவுக்குக் கால்வாசிக்கு மேல், மிச்சத்தில் பெரும்பங்கு ஜப்பானுக்கு. இந்த மூன்று நாட்டையும் கூட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிடும். இந்தியாவின் பங்கு ஒன்றுக்கும் கீழே. இந்தக் கணக்கைச் சொன்னதும் சித்தப்பா பழம்பொரியைப் பாதியில் வைத்துவிட்டு, "நம்ம நாட்டுல கடல் இல்லியா?" என்றார்.

கொரியா இன்னும் விழாமல் நிற்பதற்குப் பெரிய காரணம் எல்.என்.ஜி. கப்பல். இயற்கை எரிவாயுவை மைனஸ் 163 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கொண்டுபோகிறவை. ஒன்றின் விலை 25 கோடி டாலர் அளவில். நான் கோஜேயில் பார்த்தது இந்த வேலையைத்தான். டேங்குக்குள் நுழைந்தால் சர்ச்சுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், அவ்வளவு உயரம், அவ்வளவு சாரம். சுவர் முழுக்க இன்வார் என்ற தகடு. 36 சதவீதம் நிக்கல், மற்றது இரும்பு. குளிரில் சுருங்காது என்றே சொல்லலாம். தடிமன் 0.7 மில்லி, மூன்று போஸ்ட் கார்டை அடுக்கிய அளவு. வெறும் கையால் தொடக் கூடாது, வியர்வை பட்டால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். முதல் நாள் தெரியாமல் கையை வைத்துவிட்டேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு கொரிய அம்மா, வெல்டர், ஒரு வார்த்தை பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்த இடத்தைத் துணியால் துடைத்து, தன் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்துக் கொடுத்தார். நேர் கோடுகளை மிஷின் ஓட்டிவிடும். மூலைகளை இவர்தான் ஓட்டுவார். குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் பிறகு சோதனையில் பிடிபடும். அவர் மூலைகளில் நான் இருந்த இரண்டு வருடத்தில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. இந்த டேங்கின் வடிவமைப்பு கொரியாக்காரனுடையது இல்லை. ஜி.டி.டி. என்ற பிரெஞ்சு கம்பெனியுடையது. கப்பல் விலையில் சுமார் 5 சதவீதம் அவனுக்குப் போய்விடும். ஒரு தகடும் அறுக்காமல், ஒரு ஆணியும் அடிக்காமல். பிரான்சில் இதுபோல் கப்பல் கட்டுவதும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆனால் வரைபடம் அவனிடம் இருக்கிறது. சீனாவில் ஹுடோங்-சொங்ஹுவா யார்டும் அதே உரிமத்தை வாங்கி அதே கப்பலைக் கட்டுகிறது. வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்த அம்மாவின் மூலையை எங்கே போய் வாங்குவது?

கொரியாக்காரர்களே அதை மறந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 2015-க்குப் பிறகு ஆர்டர் குறைந்தபோது ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி 30 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2022-ல் ஆர்டர் திரும்பி வந்தது, கூலி வரவில்லை. அதே கோஜே தீவின் ஒக்போ யார்டில் வேலைநிறுத்தம். ஒரு வெல்டர், டாக்கில் பாதி கட்டிய கப்பலுக்குள், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புக் கூண்டில் இறங்கி, தன்னைத்தானே உள்ளே வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டார். 31 நாள். காலை நீட்ட முடியாது. கேட்டது பழைய 30 சதவீதத்தை. 51 நாள் வேலைநிறுத்தம் முடிந்தபோது கிடைத்தது 4.5 சதவீதம். நான் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டேன். வீடியோவை இங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஆள் போதாமல் வெளிநாட்டு வெல்டர்களுக்கு விசாவைத் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மலிவான ஆளை வைத்துத்தான் ஒரு நாடு ஜெயிக்கிறது என்று பொதுவாக எழுதுகிறார்கள். ஆரம்பிக்கும்போது அது சரி. ஆனால் இதுவரை தோற்ற ஒவ்வொரு நாட்டிலும் நான் பார்ப்பது வேறு: கூலி கூடிப்போனதைவிட, கை பழகிய ஆட்களைக் கலைத்துவிட்டது. கலைந்த பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்பச் சேர்க்கப் பத்திருபது வருடம் ஆகிறது.

அமெரிக்கா இப்போது படுவது அந்தப் பாடுதான். சீனாவில் கட்டிய கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தால் தனிக் கட்டணம் என்று 2025 அக்டோபர் 14-ல் ஆரம்பித்தார்கள், சீனாவும் பதிலுக்கு ஆரம்பித்தது, நவம்பர் 10-ல் இருவரும் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். கட்டணத்தால் எதிராளியின் கப்பலைத் தடுக்கலாம். தன் வீட்டில் வெல்டர் முளைக்க மாட்டான். அதனால்தான் பிலடெல்பியாவில் இருந்த யார்டைக் கொரியாவின் ஹன்வா கம்பெனி வாங்கியிருக்கிறது, 10 கோடி டாலருக்கு.

இனி நம் கதை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். காலியா, லாவோ. இரண்டுமே வெளிநாட்டில் கட்டியவை. கப்பலோட்டிய தமிழன் என்று சொல்கிறோம், சரியான பெயர். கட்டிய தமிழனைத்தான் இன்னும் தேடுகிறோம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா வாருங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் குடையை நான் மறப்பதே இல்லை. இந்தத் தொழிலில் ஜெயித்தவர்கள் எல்லோருமே குடை கொடுத்தவர்கள். ஜப்பான் அரசு மலிவுக் கடன் கொடுத்தது. கொரியா கொடுத்தது, அதை எதிர்த்து ஐரோப்பியர்கள் உலக வர்த்தக அமைப்புவரை போய் வழக்கு நடத்தினார்கள். சீனாவின் குடை எல்லாவற்றையும்விடப் பெரியது.

2025 செப்டம்பர் 24-ல் இந்தியாவும் ஒரு குடையை விரித்தது. கப்பல் கட்டுமானத்துக்கு 69,725 கோடி ரூபாய். அதே மாதம் தூத்துக்குடியில் இரண்டு பெரிய யார்டுகள் அமைக்கக் கொச்சி, மசகான் கம்பெனிகளோடு தமிழக அரசு கையெழுத்துப் போட்டது, 30,000 கோடி முதலீடு. சந்தோஷம்தான். கொச்சி யார்டையே ஜப்பானின் மிட்சுபிஷிக்காரர்கள் தொழில்நுட்பம் கொடுத்துத்தான் தொடங்கினோம், அங்கிருந்துதான் 2022-ல் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பல் வந்தது. ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல் விலையில் பெரும்பகுதி யார்டுக்கு வெளியே இருந்து வருகிற சாமானுக்குப் போவது: எஞ்சின், பம்ப், வால்வு, கேபிள், பெயிண்ட். கோஜேயில் ஒரு வால்வு கோளாறு என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் மாற்று வால்வு லாரியில் வந்து நிற்கும். தூத்துக்குடியில் அந்த லாரி எங்கிருந்து வரும் என்பதை யாராவது பேசினால் நான் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.

ஆள்? எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வெல்டர் உண்டு. துபாய், பஹ்ரைன், சிங்கப்பூர், கொச்சி. குறும்பனையில் ஒரு குருசடித் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிற ஓய்வுபெற்ற ஆட்களை வைத்தே ஒரு நடுத்தரக் கப்பலை முடித்துவிடலாம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

தங்கை மகன் நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு முடித்தவன். தூத்துக்குடி செய்தி வந்த அன்று, "மாமா, நான் காத்திருக்கவா, கொரியாவுக்கு எழுதவா?" என்று கேட்டான். யார்டு வர எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, உனக்கு இப்போது இருபது வயது, போய் எழுது என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம். "எல்லா பிள்ளையளையும் அனுப்பிக்கிட்டே இருங்க, அப்புறம் இங்க ஆரு கெட்டுவா?" என்று போனை வைத்துவிட்டார். அவருடைய மூத்த மகன் இருப்பது தோஹாவில்.

போன வாரம் தங்கை மகனுக்குக் கொச்சியில் வெல்டிங் டெஸ்ட். 6ஜி, குழாயை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவைத்துச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வளைத்துப் பார்த்த துண்டு, உள்பக்கம், ரூட் என்கிற அடி வெல்டிங்கில், முடி போல ஒரு விரிசல். கூடவே குரல் செய்தி: "ரூட்ல போச்சு மாமா. அடுத்த மாசம் திரும்ப வரச் சொன்னாவ."

கூப்பிட்டேன்.

"ரூட் கேப் எத்தனை வச்சே?"

"ரெண்டரை மில்லி, மாமா."

"மூணு வை."